இடது முன்சக்கரத்தில் ஒரு சத்தம்

அந்தக் காரில் எந்தச் சத்தமும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் ஒன்றரை வருஷத்தில் ஏழு முறை அது கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனது. முதல் தடவையை விட்டுவிட்டால் மற்ற ஆறு முறையும் ஜாப் கார்டில் எழுதப்பட்ட புகார் ஒன்றுதான்: இடது முன்சக்கரத்தில் கீச்சென்று ஒரு சத்தம். புகார் சொன்னவர் டிரைவர். அந்தச் சத்தத்தைக் கேட்டதாகச் சொன்ன ஒரே ஆளும் அவர்தான்.

கார் சாதாரணக் கார் இல்லை. கதவைச் சாத்தினால் தெருவில் நடப்பது எதுவும் உள்ளே கேட்காது. அதைச் செய்தவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை சர்வீஸ் செய்தால் போதும் என்று புத்தகத்தில் அச்சடித்தே கொடுத்திருந்தார்கள். விற்றவர்களோ இரண்டு மாதம் ஆனதும் "உங்கள் வாகனத்தை ஒரு முறை எங்களிடம் காட்டுங்கள்" என்று போனுக்குச் செய்தி அனுப்பத் தொடங்கிவிடுவார்கள். செய்தவன் பேச்சைக் கேட்பதா, விற்றவன் பேச்சைக் கேட்பதா என்று யாருக்கும் குழப்பம் வரும். டிரைவருக்கு வரவில்லை. செய்தி வந்த கையோடு கொண்டுபோய்ப் பெரியவரிடம் காட்டிவிடுவார்.

பெரியவர்தான் முதலாளி. எண்பதை நெருங்கிவிட்டார். டாக்டர் வீட்டையும் பாங்கையும் தவிர எங்கும் போவதில்லை. இருபத்திரண்டு வருஷமாக டிரைவர் ஓட்டிய வண்டியில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

"வண்டி விஷயத்துல உனக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுது? கொண்டு போப்பா" என்பார்.

டிரைவர் கொண்டுபோவார். நகரத்தின் மறு கோடியில், ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்தது அந்த இடம். கண்ணாடிக் கதவைத் தாண்டி மூன்றாவது மேஜையில் சர்வீஸ் அட்வைசராக உட்கார்ந்திருந்தது அவருடைய மகள்.

மகள் என்று அங்கே யாருக்கும் தெரியாது. அவளும் சொல்லவில்லை, இவரும் சொல்லவில்லை. எல்லா வாடிக்கையாளர்களையும் போல இவரையும் அவள் "வாங்க சார், உட்காருங்க சார்" என்பாள். இவர் பதிலுக்கு "வணக்கம் மேடம்" என்பார். பெற்ற பெண்ணை மேடம் என்று கூப்பிடுவது எப்படி இருக்கும் என்பது கூப்பிட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன் அவர் மனைவி இறந்துபோனாள். அன்று காலை பெரியவரை வெளியூருக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தார். நாலு மணி நேரப் பயணம். வண்டி ஓட்டும்போது போனைத் தொடக்கூடாது என்பது அவரே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. டீசல் போட நிறுத்தியபோது எடுத்துப் பார்த்தால் மகளிடமிருந்து பதினோரு அழைப்பு. கூப்பிட்டார். அம்மாவுக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, உடனே வாங்க என்றாள். "பெரியவரை இறக்கி விட்டுட்டு வந்துடறேன்மா" என்றார். இறக்கிவிட்டு, திரும்பி, ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தியபோது எல்லாம் முடிந்திருந்தது. இருபத்து நாலு வயதுப் பெண், தனியாக, எந்தெந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டுமோ அத்தனையிலும் போட்டுவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

அதைக்கூட அவள் மன்னித்திருப்பாள். துக்கம் கேட்க வந்த பெரியவர்தான் மனசு தாங்காமல் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அங்கேயே திருப்பியிருப்போமேப்பா. ஏன் சொல்லல?"

பக்கத்தில் மகள் நின்றிருந்தாள். பெரியவர் மறுத்திருந்தால் அவர்மேல் கோபப்பட்டிருக்கலாம். அப்பா வாயைத் திறந்து கேட்கவே இல்லை என்று தெரிந்தபிறகு கோபம் போக வேண்டிய இடம் ஒன்றுதான். ஏன் கேட்கவில்லை என்று அவருக்கே இன்றுவரை விளங்கவில்லை. பழக்கம், வேறென்ன சொல்ல? இரண்டு மாதம் கழித்து அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போனாள். போன் நம்பரை மாற்றினாள். விடுதி வாசல் வரைக்கும் போனவரிடம் காவல்காரர் வந்து, "உங்களைப் பார்க்க விருப்பம் இல்லைன்னு சொல்லச் சொன்னாங்க" என்றார்.

பெரியவரின் புதுக் காரை முதல் சர்வீஸுக்கு விட்டபோது தற்செயலாகத்தான் அவளைக் கண்டார். இரண்டாம் முறை, செய்தி வந்ததைச் சாக்காக வைத்துப் போனார். அவள் மீட்டரைப் பார்த்தாள்.

"உண்மையச் சொல்லணும்னா இந்த வண்டிக்கு வருஷத்துக்கு ஒரு தடவை போதும் சார். மொத்தமே ரெண்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. ஆயில் புதுசு மாதிரி இருக்கு. மாத்தறது வீண். செய்தி எல்லாருக்கும் தானா போறதுதான், அதப் பாத்துட்டு வராதீங்க."

வேறு டிரைவராக இருந்தால் இவ்வளவு நேர்மையான பெண்ணா என்று மெச்சியிருப்பார். இவர் காதில் விழுந்ததெல்லாம் "வராதீங்க" மட்டும்தான்.

"சத்தம் வருதே" என்றார்.

"என்ன சத்தம்?"

"கீச்சுனு. இடது பக்கம். முன்சக்கரத்துல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பொய் சொல்லும்போது அவருக்கு இடது கண் துடிக்கும். வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அவள் அப்படியே எழுதிக்கொண்டாள். சத்தம் என்று புகார் வந்தால், சொன்னவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அட்வைசரே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது அந்தக் கம்பெனியின் விதி. அது அவருக்கு அப்போது தெரியாது. தெரிந்துகொண்ட அன்று அவருக்குத் தலைகால் புரியவில்லை.

பத்து நிமிஷம். ஏசியை நிறுத்தி, கண்ணாடியைப் பாதி இறக்கி, வேகத்தடைகளில் மெல்ல ஏற்றி இறக்கி, காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பி ஒரு சுற்று. அவள் ஓட்டுவாள், வாழ்நாளெல்லாம் வலது பக்கம் உட்கார்ந்தவர் இடது பக்கம் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நடுநடுவே, "இப்ப வந்துச்சு. இல்ல, போயிடுச்சு" என்பார். மீதி நேரமெல்லாம் பார்வைதான். மூக்குக்கண்ணாடி புதுசு. இளைத்திருக்கிறாள். கட்டைவிரலில் சூடுபட்ட தழும்பு, தானே சமைத்துக்கொள்கிறாள் போலிருக்கிறது. அந்தப் பத்து நிமிஷத்தில் பார்த்ததை வைத்து அடுத்த இரண்டு மாதத்தை ஓட்டிவிடுவார்.

நாலாவது முறை போனபோது அவர் இருமினார். "டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்றாள். கொஞ்சம் தாமதித்து, "சார்" என்று சேர்த்தாள். இருமல் நின்ற பிறகும் அவர் அந்தக் கேள்விக்குப் பலநாள் மனசுக்குள் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டில் அவள் எழுதுவது ஒரே வாசகம்: 'ஓட்டிப் பார்த்ததில் சத்தம் கேட்கவில்லை. மீண்டும் கேட்டால் கொண்டு வரவும்.'

வரவேற்பறையில் காத்திருக்கும் மற்ற டிரைவர்களுக்கு இவர் நல்ல பொழுதுபோக்கு. காப்பி மெஷின் பக்கத்தில் நின்று அடிக்கடி சர்வீஸ் தேவையா இல்லையா என்று அவர்கள் பட்டிமன்றமே நடத்துவார்கள். ஒருவர், "வெளியில விட்டா பத்தில ஒரு பங்கு நேரத்துல முடிச்சுடுவான். இங்க நாள் பூரா உட்கார வச்சுத் துடைச்சுக் குடுக்கறானுங்க" என்பார். இன்னொருவர், "விக்கிறப்ப கம்பெனி முத்திரை இருந்தாத்தான்யா மதிப்பு" என்பார். கடைசியில் இவர் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்கண்ணே, உங்களுக்குத்தான் அனுபவம்" என்று சிரிப்பார்கள். பணிமனையில் இவருக்குக் 'கீச்சு' என்று பெயரே வைத்துவிட்டிருந்தார்கள். அவர் காப்பியை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய் உட்காருவார். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிடுவார்.

ஏழாவது முறை போனபோது மூன்றாவது மேஜை காலியாக இருந்தது. அவள் மேனேஜரின் கண்ணாடி அறைக்குள் நின்றுகொண்டிருந்தாள். பேசுவது கேட்கவில்லை. மேனேஜர் ஒரு தாளைத் தட்டித் தட்டிப் பேசுவதும், அவள் தலையாட்டுவதும் மட்டும் தெரிந்தது. வெளியே வந்தவள் வழக்கம் போல "வாங்க சார்" என்றாள். வழக்கம் போல ஓட்டிப் பார்த்தாள். மைதானத்தில் மட்டும் ஸ்டியரிங்கை ஒரு கோடிக்குத் திருப்பிவிட்டு மறு கோடிக்குத் திருப்ப மறந்துபோனாள். "உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டுவிட்டார். மேடம் என்று வரவில்லை.

"ஒண்ணுமில்ல. சத்தத்தக் கவனிங்க சார்."

வண்டியைத் திருப்பி எடுக்கும்போது மெக்கானிக் அவரை ஓரமாகக் கூப்பிட்டார். நல்ல மனுஷன், கீச்சு என்று முகத்துக்கு நேரே சொல்லாத ஒரே ஆள்.

"தப்பா நினைக்காதீங்கண்ணே. உங்க வண்டியால அந்தப் பொண்ணுக்குத்தான் கெட்ட பேரு. ஒரே புகார் திரும்பத் திரும்ப வந்தா தலைமை ஆபீஸுக்குப் போயிடும். யாரு கார்டு போட்டாங்களோ அவங்கதான் பதில் சொல்லணும். இன்னிக்கு மெமோ குடுத்துட்டாங்க. இன்னொரு தடவை வந்துச்சுன்னா மேஜையை விட்டுத் தூக்கி வெளியூர்ல ஸ்பேர் பார்ட்ஸ் கிடங்குக்குப் போட்டுடுவாங்க."

டிரைவர் திரும்பி மூன்றாவது மேஜையைப் பார்த்தார்.

"வேற அட்வைசருக்கு மாத்தச் சொல்லலாமே" என்றார் எப்படியோ.

"மேனேஜரும் அதத்தான் சொன்னாராம். இதுதான் கேக்கலையாம். அந்த வண்டியை நானே பாத்துக்கறேன்னு பிடிவாதமா நிக்குது. எதுக்குன்னு ஒண்ணும் புரியல."

திரும்பி வரும் வழியில் அவர் இரண்டு இடத்தில் வண்டியை ஓரம்கட்டி நிறுத்தினார். கண்ணாடியை ஏற்றிவிட்டு அழுதார். அழுகை வந்தது மெமோவுக்காக அல்ல. நானே பாத்துக்கறேன் என்று அவள் சொன்னதற்காக. இத்தனை நாளாக தான் மட்டும் திருடுவதாக நினைத்துக்கொண்டிருந்த பத்து நிமிஷத்தை அவளும் திருடிக்கொண்டிருந்திருக்கிறாள். அது தெரியவந்த நாளிலா அதை விட வேண்டும்?

வீட்டுக்கு வந்தால் பெரியவரின் மகன் காத்திருந்தார். வெளியூரிலிருந்து வந்தவர் அப்பாவின் காகிதங்களையெல்லாம் ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். கையில் பழைய ஜாப் கார்டுகள் ஆறு.

"அண்ணே, நீங்க தேவையில்லாம எதுவும் செய்யமாட்டீங்கன்னு தெரியும். அதனாலதான் கேக்கறேன். இந்த வண்டிக்கு இத்தனை தடவை சர்வீஸ் வேணுமா? சத்தம் இருக்கா இல்லையா?"

பதில் தயாராகத்தான் இருந்தது. ஓடாத வண்டிக்குத்தான் கவனம் அதிகம் வேண்டும், பெரியவர் உட்காரும் வண்டி, பிரேக் பக்கம் சத்தம் என்றால் அலட்சியம் பண்ணலாமா என்று எடுத்துவிட்டால் தம்பி மறுபேச்சுப் பேசமாட்டார். அவர் சின்னவராக இருந்தபோது பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனதே இந்த டிரைவர்தான்.

"வருஷத்துக்கு ஒரு தடவை போதும் தம்பி" என்றார். "சத்தம் நின்னுடுச்சு."

மூன்றாம் நாள் முற்பகல், ஷெட்டில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. சர்வீஸ் முடிந்த மூன்றாம் நாள் திருப்தியா என்று கேட்பது வழக்கம். இதுவரை அதற்கென்றே இருக்கும் வேறொரு பெண்தான் பேசுவாள். இன்று மகளின் குரல்.

"வணக்கம் சார். சர்வீஸ் சென்டர்லேர்ந்து பேசறேன். இந்தக் கால் பதிவாகும். ரெண்டு நிமிஷம் பேசலாமா?"

"பேசுங்கம்மா."

"வண்டி சுத்தமா குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

"நீங்க சொன்ன சத்தம் இன்னும் கேக்குதா?"

டிரைவர் துணியை பானெட் மேல் வைத்தார். தண்ணீர்க் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. எட்டிப் போய் இறுக மூடினார்.

"இல்லம்மா. நின்னுடுச்சு."

மறுபக்கம் தாள் புரண்டது.

"நாங்க ஒண்ணும் மாத்தலையே சார்."

"என்னமோ தெரியல. நின்னுடுச்சு. சுத்தமா கேக்கல. அப்படியே எழுதிக்குங்க. உங்க பேர்ல ஒரு குறையும் இல்லைன்னு எழுதுங்க."

"பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க?"

"பத்து."

எழுதும் சத்தம் கேட்டது. அத்துடன் முடிந்திருக்க வேண்டும். நன்றி சொல்லி வைத்துவிடுவார்கள். அவள் வைக்கவில்லை.

"பின் சக்கரத்துல ஏதாவது சத்தம் வருதா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். இப்போது இடது கண் துடித்தால்கூட அவளுக்குத் தெரியாது.

"இல்லம்மா."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கதவுல? டேஷ்போர்டுல? சின்ன சத்தமா இருந்தாக்கூடப் பரவாயில்ல, பாத்துக்கலாம்."

ஒரு வார்த்தை போதும். அன்றைக்கு டீசல் பங்கில் சொல்லாமல் விட்ட வார்த்தைக்குப் பதிலாக இன்றைக்கு ஒரு வார்த்தை. சொன்னால் அடுத்த வாரமே அவள் பக்கத்தில் உட்காரலாம். அதற்கு அடுத்த வாரம் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் பேர் தெரியாத கிடங்குக்குப் போக வேண்டும். இது பதிவாகும் போன் என்று அவள் முதலிலேயே சொல்லிவிட்டாள். மெமோ பற்றித் தெரியும் என்றோ, உனக்காகத்தான் என்றோ இதில் சொல்ல வழியில்லை.

"வண்டி நல்லா இருக்கும்மா. ஒரு குறையும் இல்ல."

"அப்ப வரமாட்டீங்க."

"வருஷத்துக்கு ஒரு தடவை போதும்னு நீங்கதானே சொன்னீங்க."

"ஆமா" என்றாள். "சரி. வச்சுடறேன்."

சார் என்று சொல்லவில்லை. அது உறைத்தபோது போன் அடங்கியிருந்தது. அவசர அவசரமாக அதே நம்பருக்குத் திருப்பிக் கூப்பிட்டார். பதிவு செய்த குரல் வந்தது. முன்பதிவுக்கு ஒன்று. விவரங்களுக்கு இரண்டு. புகார் பதிவு செய்ய மூன்று. யாரிடமாவது பேச வேண்டும் என்றால் அந்த மூன்றில் ஒன்றை அழுத்தத்தான் வேண்டும். கட்டைவிரலை மூன்றின் மேல் வைத்துக்கொண்டு அவர் நின்றார். குரல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. அதையும் கடைசி வரை கேட்டுவிட்டு, எதையும் அழுத்தாமல் போனை வைத்தார்.