கர்னலுக்குத் தூக்கிய கை

லசாரைக் கேப்டனாக்கியவர்களில் நானும் ஒருவன். அன்றே இந்தக் கையை வெட்டிப் போட்டிருக்கலாம்.

எங்கள் பீரங்கிப் படையில் அதிகாரியை நாங்களே கை தூக்கித் தேர்ந்தெடுப்போம். பிரெஞ்சுப் புரட்சி தந்த உரிமை அது. ஆங்கிலேயர் பிடித்துவைத்திருந்த துலோன் துறைமுகத்தை முற்றுகையிட்ட மூன்றாம் வாரம், அவர்களின் குண்டு ஒன்று எங்கள் கேப்டனின் தலையைக் கொண்டுபோனது. உடலை ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டு வாக்கெடுப்பு வைத்தோம். லசாருக்கு வயது இருபத்திரண்டு. சாவுக்குப் பயப்படாதவன். அவசரம்தான் அதிகம்.

"கைய இறக்குண்ணே," என்றான் என் தம்பி ரெமி. "இவன் மேல ஏற நம்ம தலையிலதான் மிதிப்பான்."

"போடா! பயந்தாங்கொள்ளிக்கா ஓட்டுப் போடச் சொல்ற?" என்றேன்.

எனக்கும் ரெமிக்கும் ஒரே பீரங்கி. ஒவ்வொரு வேட்டுக்குப் பிறகும் அவன் ஈரத் தடியால் குழாயைத் துடைப்பான். அப்புறம் மருந்துப் பையையும் குண்டையும் போட்டு, கோலால் இடிப்பான். அது முடியும்வரை பின்பக்கத் திரித்துளையை என் கட்டைவிரலால் அடைத்து நிற்பேன். விரலை எடுத்தால் காற்று புகும், உள்ளே மிச்சமிருக்கும் கங்கு கனன்று மருந்து பற்றிக்கொள்ளும். பீரங்கி வாய்க்கு முன்னால் நிற்பவன் என் தம்பி. நாற்பது நாளாக அவன் உயிர் என் விரலடியில்தான் இருந்தது.

டிசம்பரில் பாரிஸிலிருந்து புரட்சி அரசின் பிரதிநிதி வந்தார். இறகுத் தொப்பி, இடுப்பில் மூவண்ணக் கச்சை. எங்கள் பழைய தளபதியைத் தலைவெட்டும் எந்திரத்துக்கு அனுப்பி வைத்தவர் அவர்தான்.

"மத்தியானத்துக்குள்ள ஆங்கிலேயரோட அந்தக் கோட்டைக் கதவு விழணும்," என்றார் லசாரிடம். "விழுந்தா நீ கர்னல். இல்லைன்னா உன் தலை விழும்."

லசார் எங்கள் பீரங்கிக்கு ஓடி வந்தான். "துடைக்க வேண்டாம்! நேரா மருந்தப் போடு!"

"உள்ள கங்கு கெடக்கும் லசார்! வாய்க்கு முன்னால என் தம்பி நிக்கிறான்!" புரட்சிக்குப் பிறகு அதிகாரியையும் 'நீ' என்று பேசலாம். ஆனால் பேசினால் கேட்பார்களா?

"உனக்கு விரல் எதுக்கு இருக்கு? அடைச்சுப் பிடி!"

பிடித்தேன். இருபது வேட்டு. துளையில் தீ வைக்கும் எங்கள் திரிக்காரனின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு ஒரு குண்டு போனது. அவன் குடலை அள்ளியபடி உட்கார்ந்து செத்தான். திரியை லசாரே எடுத்துக்கொண்டான். பீரங்கி பழுக்கக் காய்ந்து, என் விரலில் மாட்டியிருந்த தோல் உறை கருகி உதிர்ந்தது. அப்புறம் என் சதையே இரும்போடு ஒட்டியது. என் விரல் வேகும் வாடை எனக்கே அடித்தது. ஆனால் எடுக்கவில்லை.

கதவு ஒரு கீலில் தொங்கியது.

"குண்டு போட்டாச்சா?" என்று கத்தினான் லசார்.

"இன்னும் இடிக்கிறான், பொறு!"

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவிட்டான் பாவி. அவன் திரியை வைக்கும் முன்பே பீரங்கி வெடித்தது. குண்டோடு கோலும் போனது, கோலோடு ரெமியின் இரண்டு கைகளும் போயின. கதவு விழுந்தது. நம் ஆட்கள் கத்திக்கொண்டு கோட்டைக்குள் பாய்ந்தார்கள்.

ரெமியை மடியில் போட்டுக்கொண்டேன். முகமெல்லாம் கரி.

"அண்ணே," என்றான். "விரல எடுத்துட்டியா?"

"நான் எடுக்கலடா! சத்தியமா நான் எடுக்கல!"

அதைக் கேட்டுவிட்டுத்தான் போனானா, கேட்காமலே போனானா, எனக்குத் தெரியாது.

சாயங்காலம் கோட்டைக்குள் எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். பிணங்களை இன்னும் எடுக்கவில்லை. கர்னல் பதவிக்கும் வாக்கெடுப்பு. லசார் பெயரைச் சொன்னதும் கைகள் உயர்ந்தன. என் கை உயரவில்லை.

"எதிர்க்கிறவங்க?" என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார் பிரதிநிதி.

நான் ஒருவன்தான் தூக்கினேன், துணி சுற்றிய அதே கையை. பக்கத்தில் நின்றவன் என்னைவிட்டு ஓர் அடி விலகினான். பிரதிநிதியின் முகம் மாறியது.

லசார் என்னைப் பார்த்தான். கண்ணில் ஒரு கணம் பயம். பிறகு சிரித்தான்.

"அவன் எதிர்க்கல. கை வெந்து கெடக்கு. கீழ தொங்கவிட்டா வலிக்கும், பாவம், அதான் தூக்கி வச்சிருக்கான்."

எல்லோரும் சிரித்தார்கள். பிரதிநிதியும் சிரித்தார்.

"ஒருமனதாக," என்று எழுதிக்கொண்டார் எழுத்தர்.

என் தலை தப்பியது. கூட்டம் கலைந்த பிறகும் நான் கையை இறக்கவில்லை.