ஏழு விட்டங்களில் பென்சில் குறி

சித்தூரில் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்து ஆறு வருஷமாகியும் எங்கள் வீட்டில் மட்டும் சிம்னி விளக்குதான் எரிந்தது. காரணம் நான்தான். வேறு யார்மேலும் பழி போட மாட்டேன்.

கூடத்தைத் தாங்கும் ஏழு தேக்கு விட்டங்களும் என்னைப் பெற்ற நைனா கொண்டுவந்தவை. பழைய மிஷன் பங்களாவைப் பிரித்தபோது வாங்கி, ஒவ்வொன்றுக்கும் பாஸ்டரை நிறுத்தி ஜெபம் பண்ணித்தான் மேலே ஏற்றினார். ஒயர் போக அவற்றில் ஓட்டை போடலாமா என்று என் வீட்டுக்காரர் ஆர்தர் கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏழே ஏழு ஓட்டை, சௌந்தரி. விரல் தடிமன்தான்."

"ஜெபம் பண்ணி ஏத்தின மரம். நான் செத்தப்புறம் சல்லடையா துளைச்சிக்கோங்க."

அவர் கணக்கு வாத்தியார், புத்தகப் பைத்தியம். தான் படிக்கத்தான் வெளிச்சம் கேட்கிறார் என்று நினைத்தேன். பொழுது சாய்ந்தால் தையல் மிஷின் ஊசியில் நூல் கோக்க எனக்குக் கண் தெரியாது. "இன்னாங்க" என்று குரல் கொடுப்பேன். புத்தகத்தைக் கவிழ்த்துவிட்டு வந்து கோத்துக் கொடுப்பார்.

போன ஜனவரியில் மாரடைப்பில் போய்விட்டார். இனி யாரிடம் பிடிவாதம்? அவர் நாற்காலிக்கு மேலே ஒரு பல்பாவது எரியட்டும் என்று நானே ஒயர்மேன் சம்பத்தை வரவழைத்தேன்.

ஏணியில் ஏறியவன் அங்கிருந்தே சொன்னான்.

"அம்மா, முன்னாடியே பென்சில்ல குறி போட்டுக்கீது. ஏழுலயும் கீது. கரெக்டா மரத்தோட நடுவுல. கீழ் விளிம்புல துளைச்சாத்தான் விட்டம் பலம் போவும், இங்க போட்டா ஒண்ணும் ஆவாது. வெவரம் தெரிஞ்சவங்க வேலைம்மா."

மகள் பிரசவத்துக்கு நான் பலமனேர் போயிருந்த மாதம்தான் அவர் ஏறியிருக்க வேண்டும். திரும்பி வந்ததும், ஏணி ஏன் இடம் மாறியிருக்கிறது என்று கத்தினேன். சிரித்துக்கொண்டே அதைத் தூக்கிப் பழைய இடத்தில் சாத்தினார்.

"நாற்காலி பக்கமா கொண்டுபோப்பா," என்றேன்.

"குறி அங்க போவலியேம்மா. இந்த மூலைக்குத்தான் வருது. கடைசி விட்டத்துல 'சௌந்தரி மிஷின்'னு எழுதிக்கீது."

மிஷின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். எத்தனை கல்நெஞ்சுக்காரி நான்! சம்பத் துரப்பணத்தைச் சுழற்றச் சுழற்ற, மரத்தூள் என் தலையில் உதிர்ந்தது.

கனெக்‌ஷன் கொடுத்த அன்று சாயங்காலம் சுவிட்சைப் போட்டு உட்கார்ந்தேன். முதல் தடவையிலேயே நூல் ஊசிக்குள் போய்விட்டது.

அதை வெளியே உருவினேன். "இன்னாங்க" என்று கூப்பிட்டேன்.