வெள்ளைப் போர்வையில் வந்த பெட்டி

கம்ப்யூட்டர் பெட்டியின் வெளியழகைப் பார்த்து எழுதுவது என் பிழைப்பு. கோலார் தங்கவயலில் எங்கள் நந்திதுர்க்கில் சொன்னால் சிரிக்கிறார்கள், காலிப் பெட்டிக்கு என்ன அழகு என்று. சிரிக்கட்டும்.

அந்த வாரம் பெங்களூரிலிருந்து பார்சல் ஆபீசுக்கு வந்தது பெரிய சைஸ். நிமிர்த்தினால் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வரும். அட்டையோடு ஆட்டோவில் நுழையவில்லை. ஆட்டோக்காரர் பர்னபாஸ் அட்டையைப் பிரித்தார். கண்ணாடியில் கீறல் விழுந்தால் என் தலைதான் உருளும் என்று, கொண்டுபோயிருந்த வெள்ளைப் போர்வையைச் சுற்றினேன். படுக்க வைத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்து வீட்டுக்குள் தூக்கி வந்தோம்.

என் கவலையெல்லாம் உள்ளறையில் கிடந்த அப்பாதான். நுரையீரல் முழுக்கச் சுரங்கத் தூசு. கோலார் ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள், ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்றுவிட்டார். அப்பாவிடம் நான், மருந்தை மாற்றியிருக்கிறார்கள், சரியாகிவிடும் என்று புளுகினேன். அன்றிலிருந்து யார் வீட்டுக்கு வந்தாலும், எதையாவது உளறிவிடுவார்களோ என்று வாசலிலேயே மடக்கிப் பேசி அனுப்பினேன்.

கூடத்தில் பெட்டியைப் படுத்தவாக்கிலேயே வைத்து, போர்வையை விலக்கி, அதிலிருந்த விளக்குக்குக் கரண்ட் கொடுத்தேன். கண்ணாடிக்குள் நீலமாக எரிந்தது. வெள்ளைப் பெயின்ட் சீராக இருந்தது. விளிம்பு கையை அறுக்கவில்லை. கண்ணாடி மட்டும் ஒரு மூலையில் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது.

வாசலில் நிழல் ஆடியது. எதிர்வீட்டுத் தாயம்மா அத்தை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பின்னால் இன்னும் இரண்டு பெண்கள். அவர் பார்வை போன பக்கம் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. சாவு வீட்டுக்கு வாடகைக்கு வருமே ஐஸ் பெட்டி, அதுதான் வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டார். வெள்ளைத் துணியையும் கண்ணாடியையும் பார்த்தவருக்கு அளவைப் பார்க்க ஏது நிதானம்? அவர் குரலெடுப்பதற்குள் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துப்போய், இது கம்ப்யூட்டர் சாமான் என்று காதோடு சொன்னேன். தலையிலடித்துக்கொண்டு போனார்.

தப்பித்தோம் என்று திரும்பினேன். உள்ளறைத் திரை விலகியிருந்தது. அப்பா புரை விழுந்த கண்ணை இடுக்கிக்கொண்டு பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் கீது. லைட்டெல்லாம் வச்சிக்கீறாங்க. எனக்கு நீளம் பத்தாதேடா."

எனக்கு உயிரே போய்விட்டது. பெட்டியை நிமிர்த்திக் கட்டிலருகே இழுத்துப்போய், அவர் கையைக் கண்ணாடிமேல் வைத்து, கம்ப்யூட்டர், என் வேலை, பெங்களூர் என்று மூச்சுவிடாமல் விளக்கினேன். தடவிப் பார்த்தார். சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்க நேரமானது.

"அப்போ அந்த ஐஸ் பெட்டிக்கு நீ இன்னும் சொல்லல?"

"மருந்து மாத்திக்கீறாங்கப்பா..." என்று ஆரம்பித்தேன்.

"அது கெடக்கட்டும்டா. சொல்றப்போ ஆறடின்னு சொல்லு."

சரி என்று தலையாட்டினேன்.