டியூட்டர் இடுப்புச் சாவி

“மேடம், பாத்ரூம் சாவியக் குடுங்க.”

அந்த வார்டில் ஒரு நர்சிங் மாணவி வாயிலிருந்து வரவே கூடாத பேச்சு. சாவி, பயிற்சி கொடுக்கும் டியூட்டரின் இடுப்பில் தொங்கும், கேட்டுத் தொலைக்காதே, காலையில் தண்ணீர் குடிக்காமல் வந்துவிடு என்று முதல் நாளே சீனியர் அக்காமார் சொல்லிவிட்டார்கள். நோயாளிகளின் மூத்திரப் பையைச் சொட்டு விடாமல் அளந்தவர்கள், தங்களுடையதை மாலைவரை அடக்கிக்கொண்டு நின்றார்கள். வகுப்பில் வாயாடி என்று பெயரெடுத்தவளுக்கு அம்மாவும் அதையே ஓதி அனுப்பியிருந்தாள். “நம்ம வீட்டுல நீதாண்டி முதல்ல காலேஜ் வாசப்படி மிதிச்சவ. பல்லைக் கடிச்சுக்கிட்டு முடிச்சுட்டு வா.”

அப்படிப் பல்லைக் கடித்து அடக்கியவள் அவளுடைய அறைத்தோழி, குண்டூசி என்று எல்லாரும் கூப்பிடும் ஒல்லிப் பெண். இப்போது அதே வார்டில் முகம் வீங்கிக் கிடந்தாள். ஒரு கிட்னியில் சீழ் பிடித்துவிட்டது, எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் நர்சுகளிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். டியூட்டர் அதையும் வீணாக்கவில்லை. வாயாடியின் செய்முறைத் தேர்வுக்கு அவளையே நோயாளியாக ஒதுக்கினாள். தலைப்பு, உடலைப் பேணும் நல்ல பழக்கங்கள்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அம்மாள் நாற்காலியில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர்த் தம்ளர் வரைந்த அட்டையைத் தூக்கிப் பிடித்து, நிறையக் குடிக்க வேண்டும், வந்தால் அடக்கக் கூடாது என்று வாயாடி ஒப்பித்தாள்.

“படிக்கிற பொண்ணுதானே, ஏம்மா அடக்கின?” என்றாள் தேர்வாளர், குண்டூசியிடம்.

குண்டூசி டியூட்டரைப் பார்த்தாள். “சோம்பேறித்தனம் மேடம்.”

“எவ்வளவு சொன்னாலும் இதுங்க மண்டையில ஏறாது மேடம்” என்று சிரித்தாள் டியூட்டர்.

அப்போதுதான் வாயாடி சாவியைக் கேட்டாள்.

டியூட்டரின் கை சாவியை மூடிக்கொண்டது. “பரீட்சை முடியட்டும். நாங்கல்லாம் அடக்கித்தான் நர்ஸ் ஆனோம். செத்தா போயிட்டோம்?”

“உங்களுக்கு ரெண்டு கிட்னி இருக்கு மேடம். இவளுக்கு இனிமே ஒண்ணுதான்.”

குண்டூசிக்கு அதை அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

“என்னடி சொல்ற?” என்று குண்டூசி வாயாடியின் சீருடையைப் பிடித்தாள். வாயாடி வாசல் பக்கம் திரும்பினாள்.

தேர்வாளர் பேனாவை மூடி, வேறெங்கோ பார்த்தாள். வெளியே பாத்ரூம் தேடிக் கதவைத் தாண்டினால் ஃபெயில் என்றாள் டியூட்டர், குரலை உயர்த்தாமலே.

காலையில் ஹாஸ்டல் குழாயடியில் சொம்பு நிறையத் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தபோதே வாயாடி அந்த ஃபெயிலைக் கணக்கில் வைத்திருந்தாள். சீருடையைப் பிடித்திருந்த குண்டூசியின் கையைத்தான் வைக்கவில்லை. அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். தம்ளர் அட்டையைப் போர்வைமேல் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கதவைத் தாண்டினாள்.