இறக்கு என்று சொல்லும்வரை

பளு தூக்குவதில் மூன்று முறை தேசிய சாம்பியன், இப்போது மிஷனரி. மனுஷனுக்குக் கழுத்து என்று ஒன்று இருக்கிறதா என்பதே சந்தேகம். ஊரே அவரைப் 'பயில்வான் ஐயா' என்றுதான் கூப்பிட்டது. பீரோ நகர்த்தக் கூப்பிட்டது, சேற்றில் சிக்கிய வண்டியைத் தூக்கக் கூப்பிட்டது. ஞானஸ்நானம் எடுக்க மட்டும் நான்கு வருடமாக ஓர் ஆள்கூட வரவில்லை. "இந்த வருஷமும் யாரும் இல்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள்" என்று தலைமையிலிருந்து கடிதம் வேறு வந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் தச்சர் வாய் திறந்தார். சபைக்குப் பெஞ்சு செய்து கொடுத்து, அதே பெஞ்சில் மனைவியோடு உட்கார்ந்து நான்கு வருடம் பிரசங்கம் கேட்டவர்.

"எனக்கு சம்மதம்தான் ஐயா. ஆனா தண்ணின்னா உயிரே போயிடும். சின்ன வயசுல கிணத்துல விழுந்தவன் நான்."

"கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள முக்கித் தூக்கிடறேன் அண்ணே. பிடிச்ச கைய விடமாட்டேன்."

"விடமாட்டீங்களே?"

"நூத்தி எழுபது கிலோவையே விட்டதில்ல."

தச்சரின் மனைவிக்குச் சிரிப்பு. "விட்டாலும் மிதப்பாரு ஐயா. உடம்புல என்ன இருக்கு!"

ஞாயிற்றுக்கிழமை காலை, ஆற்றங்கரையில் நல்ல கூட்டம். பயில்வான் இடுப்பளவு தண்ணீரில் நின்று, சொல்ல வேண்டியதைச் சொல்லி, தச்சரை முக்கினார். உள்ளே போனவர் கையையும் காலையும் உதறிய உதறலில் பயில்வானுக்குப் புத்தி வேலை செய்யவில்லை. உடம்புதான் வேலை செய்தது. குந்தினார், மூச்சை இழுத்தார், ஒரே தூக்கு! தண்ணீர் சொட்டச் சொட்டத் தச்சர் அவர் தலைக்கு மேலே மல்லாந்து கிடந்தார்.

அதோடு விட்டாரா? போட்டியில் நடுவர் கைகாட்டும் முன்பே இறக்கினால் அந்தத் தூக்கு செல்லாது. பதினைந்து வருடப் பழக்கம் சும்மா விடுமா? முழங்கை மடங்காமல், அசையாமல், நடுவருக்காகக் காத்து நின்றார். எதிரே இரண்டு வாத்துகள்தான் இருந்தன.

போட்டிகளுக்கெல்லாம் கூடவே போய்ப் பார்த்த பயில்வானின் மனைவிக்குத்தான் விஷயம் புரிந்தது. கரையிலிருந்து கையை மேலிருந்து கீழே வெட்டி, "ஏங்க, இறக்குங்க!" என்று கத்தினாள். உடனே இறக்கினார், பூப்போல.

கரை முழுக்கச் சிரிப்பு. பயில்வான் முகம் செத்துப்போனது. நாலு வருஷமும் ஆத்தோட போச்சு என்று நினைத்தார்.

"மன்னிச்சிடுங்க அண்ணே..."

தச்சர் முகத்தை வழித்துக்கொண்டார். "எதுக்கு ஐயா மன்னிப்பு? விடமாட்டேன்னு சொன்னீங்க. விடல. சொன்னபடி செஞ்ச ஆள நான் இப்பத்தான் பார்க்கறேன்!"

பதக்கம் வாங்கிய மேடையில் அழாத பயில்வான், அங்கே எல்லோர் முன்னாலும் அழுதார். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு.

அதற்குள் தச்சரின் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தாள்.

"தள்ளி நில்லுங்க. நானும் நாலு வருஷமா அதே பெஞ்சுலதான் உட்கார்ந்திருக்கேன். எனக்கும் குடுங்க ஐயா. இப்பவே சொல்லிட்டேன், நான் எண்பது கிலோ."

பயில்வான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கரையைப் பார்த்தார்.

"நீ அங்கேயே நில்லும்மா," என்றார் மனைவியிடம். "கைகாட்ட ஆள் வேணும்."