பூசை இல்லாத அடக்கம்

"செபமாலையைக் குடு டிம்ப்னா. விரல் விறைக்கறதுக்குள்ள சுத்திடறேன்" என்று கோர்மக் லாவரி கையை நீட்டினார்.

டிம்ப்னா வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்துகொண்டிருந்தாள். கட்டிலில் அவள் தம்பி மாலக்கி, சவரம் செய்த முகத்தோடு, ஒரே ஒரு நல்ல சட்டையில் கிடந்தான். ஏரியில் விலாங்கு பிடித்துப் பிடித்து வெடித்த விரல்களை கோர்மக் மார்பின் மேல் கோத்து வைத்திருந்தார்.

"வேண்டாம். கையை அப்படியே விட்டுடுங்க."

கோர்மக் ஊரில் சாராயக்கடையும் சவ அடக்கத் தொழிலும் சேர்த்து நடத்துகிறவர். நாற்பது வருடமாக இந்த ஏரிக்கரையில் அவர் கை படாமல் யாரும் மண்ணுக்குள் போனதில்லை. செபமாலை சுற்றாத கையை அவர் பார்த்ததும் இல்லை.

"வெச்ச இடம் மறந்துபோச்சா? என் வண்டியில ஒண்ணு கெடக்கு, எடுத்தாரேன்."

"மறக்கல. அவன் வேண்டாம்னு சொல்லிட்டான். பூசையும் வேண்டாமாம். கோயிலுக்குள்ள கொண்டுபோகாம நேரா கல்லறைக்கு."

கோர்மக் அவளையே பார்த்தார். கோயில் பீடத்துக்குத் துணி துவைத்து இஸ்திரி போடுகிறவள், தினம் காலைப் பூசை தவறாதவள், இதைச் சொல்கிறாள். அவர் எதையோ கேட்க வாயெடுத்து, பிறகு மாலக்கியின் சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

"டை கட்டலாமா, அதுவும் கூடாதா?"

"கட்டுங்க. அவனுக்குப் புடிக்காது. ஆனா அதப்பத்தி ஒண்ணும் சொல்லல."

போன வாரம் மாலக்கி அதைச் சொன்னபோது மூச்சுக்கு நடுநடுவே சொன்னான். ஐரிஷ் விடுதலை இயக்கத்தில் இருந்ததற்காக அடைபட்ட லாங் கெஷ் சிறையில், கைதி உடுப்பு போட மறுத்துப் போர்வையோடு கிடந்த நாட்களில், ஒவ்வொரு இரவும் அறைக் கதவின் இடுக்கில் வாயை வைத்து ஐரிஷ் மொழியில் செபமாலை சொன்னவன் அவன்தான். வரிசை முழுக்க மற்ற அறைகளிலிருந்து பதில் வரும். அந்தக் கதை ஊருக்கே தெரியும். அம்மா அந்தப் பெருமையிலேயே செத்துப்போனாள்.

"ஒரு நாளும் நம்பிச் சொல்லல அக்கா" என்றான் மாலக்கி. "குரல் எனக்குத்தான் நல்லா எடுக்கும். பத்தொம்பது வயசுப் பசங்க, ராத்திரியில அம்மா அம்மான்னு அழுவானுங்க. அதச் சொன்னா அடங்குவானுங்க. அதனால சொன்னேன். இப்ப நான் அழல. எனக்காக யாரும் சொல்ல வேண்டாம்."

"நான் வீட்டுக்குள்ள சொல்லிக்கலாமா?"

"உன் வாயை மூட பட்டாளத்தாலயே முடியல. நான் எங்க மூட?"

அவன் சிரித்து, இருமி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாக்கு வாங்கிக்கொண்டான். கொடுத்த பிறகு அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். கடவுள் இருக்கிறார் என்பதில் அவளுக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. அவர் வீட்டு வாசலில் தம்பியை வெறுங்கையோடு கொண்டுபோய் நிறுத்தப்போகிறவள் தானே என்பதுதான் அவளை அரித்தது.

கோர்மக் வேலையை முடிக்க, மத்தியானத்துக்குள் வீடு நிரம்பிவிட்டது. பெட்டியை முன்னறையில் திறந்து வைத்தார்கள். கால்பந்துக் கழகத்திலிருந்து பெரிய டீ பாய்லர் வந்தது. பங்கு மண்டபத்திலிருந்து நாற்காலிகளும் வந்து இறங்கின. அவள் கேட்கவில்லை, யாரோ அனுப்பியிருந்தார்கள்.

பக்கத்து வீட்டு ஃபிலோமினா பொரித்த விலாங்குத் துண்டுகளைத் தட்டில் வைத்து மூடிக் கொண்டுவந்தாள். பெட்டியருகே சிலுவை போடத் தொடங்கியவள், வெறும் கைகளைப் பார்த்ததும் பாதியில் நின்றாள்.

"ஏன்டி, பூசை கெடையாதாமே? நாற்காலி மட்டும் கோயிலோடதாமா?"

"நீ உக்கார வேண்டாம்னா நின்னுக்க ஃபிலோமினா."

"கோவிச்சுக்காத. ஒண்ணும் இல்லாத குடிகாரன் செத்தாக்கூட மணி அடிக்கிறாங்க. உன் தம்பி செபமாலை சொன்ன கையி அது. வெறுசா பாக்க மனசு ஒப்பல."

"எனக்கும்தான்" என்றாள் டிம்ப்னா. ஃபிலோமினா தட்டை வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள்.

சாயங்காலம் ஃபெலிம் வந்தான். மாலக்கியோடு ஒரே வரிசையில் சிறையில் இருந்தவன். இப்போது இயக்கத்துக்கு இந்தப் பகுதியில் அவன்தான் பொறுப்பு. துப்பாக்கிகள் ஓய்ந்து இரண்டு வருடமாகியும் ஒரு அறைக்குள் நுழைந்தால் ஜன்னலுக்கு முதுகு காட்ட மாட்டான். கையில் மடித்த ஐரிஷ் மூவர்ணக் கொடி. பச்சை மட்டும் வெளியே தெரிந்தது.

அவன் பெட்டியருகே மண்டியிட்டான். சிறிது நேரம் உதடு அசைந்தது. எழுந்து, டிம்ப்னாவை முழங்கையில் தொட்டுப் பின்முற்றத்துக்குக் கூட்டிப்போனான்.

"ஊர்ல என்னமோ பேசிக்கறாங்க அக்கா. அந்தக் கில்லன் சாமியாரு பூசை வெக்க மாட்டேன்னுட்டானா? ஒரு வார்த்தை சொல்லுங்க, நாங்க போய்ப் பேசறோம்."

"அவரு ஒண்ணும் சொல்லல. அவருகிட்ட நான் இன்னும் போகவே இல்ல."

ஃபெலிமுக்குப் பங்குச் சாமியார் ஃபாதர் கில்லன் மேல் இருந்த கோபம் ஊரறிந்தது. எட்டு வருடம் முன்பு ஃபெலிமின் தம்பியைப் புதைக்க எடுத்துவந்தபோது, மேலே விரித்த கொடியை எடுக்காமல் பெட்டி கோயிலுக்குள் வராது என்று ஃபாதர் வாசலை மறித்து நின்றார். மழையில் பெட்டி தெருவிலேயே நின்றது. கடைசியில் ஃபெலிமின் அம்மாதான் தன் கையால் கொடியை எடுத்தாள். அன்றிலிருந்து ஃபெலிம் ஞாயிறு பூசைக்கு அடுத்த பங்குக்குப் போகிறான். ஒரு ஞாயிறும் விட்டதில்லை.

டிம்ப்னா எல்லாவற்றையும் சொன்னாள். கதவிடுக்கில் சொன்ன செபமாலையைப் பற்றிச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரோரம் அடுக்கியிருந்த விலாங்குப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

ஃபெலிம் ஒரு விலாங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்தான்.

"பூசை இல்லாம நம்மாளு ஒருத்தன் போனதில்ல. சாமியாருங்க நம்மள பீடத்துல நின்னு திட்டினப்பவும் நாம கோயில விட்டுக் குடுக்கல" என்றான். பிறகு, "நான் அந்தக் குரலப் புடிச்சிக்கிட்டுத்தான் அக்கா உயிரோட வெளிய வந்தேன். பக்கத்து அறை எனக்கு. அவன் நம்பறான், அதனால நானும் நம்பலாம்னு இருந்தேன். இப்ப என்ன, அத்தனையும் வெறும் சத்தமா?"

"அழுத பையன்ல நீயும் ஒருத்தனா?"

அவன் கொடியைக் கை மாற்றிக்கொண்டான்.

"அவன் நம்பாம சொன்னான். நீ நம்பிக் கேட்டே" என்றாள் டிம்ப்னா மெதுவாக. "தனக்கு இல்லாததக்கூட ஒருத்தன் அடுத்தவனுக்குக் குடுத்திருக்கான். அத ஆண்டவர் எந்தக் கணக்குல வெப்பாரோ, எனக்குத் தெரியல ஃபெலிம். வெறும் சத்தமா மட்டும் வெச்சிருக்க மாட்டாரு."

"கல்லறைத் தோட்டம் கோயிலோடது. பூசை வேண்டாம்னா அந்தாளு குழி தோண்ட விடுவானா?"

அது அவளுக்கும் தெரியாது. மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் டிம்ப்னா சாமியார் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

ஃபாதர் கில்லன் அவளை நேராகச் சமையலறைக்கே கூட்டிப்போனார். ரொட்டியைக் கருக்கியிருந்தார், வீடெங்கும் அந்த வாசனை. வயது எழுபதை நெருங்கிய, நெடுநெடுவென்ற, சிரிக்கத் தெரியாத மனிதர். அவள் சொல்லி முடிக்கும்வரை ஒரு கேள்வி கேட்கவில்லை.

"அது உங்கப்பா வாங்கின இடம். அவர் மகன் அங்க படுக்கறத நான் யாரும்மா தடுக்க?" என்றார்.

அவள் எழுந்திருக்கப் போனாள்.

"ஒண்ணு கேக்கணும் டிம்ப்னா. நான் பீடத்துல நின்னு பேசினதாலயா? இயக்கத்துக்காரங்க கையில ரத்தம் இருக்குன்னு சொன்னேன். இவங்களால செத்தவங்களுக்காகவும் சொல்ல வேண்டியிருந்தது. ஆனா மாலக்கி முன்வரிசையில உக்காந்திருந்தான், உங்கம்மா பக்கத்துல. என்னாலதான் அவன் கோயில விட்டானா?"

அவரைத் தேற்ற ஒரு பொய் சொன்னால் போதும் என்று அவளுக்குத் தோன்றியது. எந்தப் பொய் தேற்றும் என்றுதான் தெரியவில்லை.

"உங்க மேல கோவம் இருந்துச்சு ஃபாதர். ஆனா இது அதுக்காக இல்ல. அவனுக்கு நம்பிக்கை இல்ல. அவ்வளவுதான்."

ஃபாதர் கருகிய ரொட்டியைக் கத்தியால் சுரண்டினார்.

"கோவம்னா நல்லா இருந்திருக்கும்" என்றார். "மன்னிப்பாவது கேட்டிருக்கலாம்."

வாசல் வரை வந்தவர், "நாற்காலி போதுமா?" என்று கேட்டார்.

மறுநாள் காலை மழை இல்லை. ஏரிப் பக்கமிருந்து காற்று மட்டும் வீசியது. பெட்டியின் மேல் கொடியை விரித்து, காற்றில் பறக்காமல் கோர்மக் நாலு மூலையிலும் ஊசி குத்தினார். ஃபெலிமும் இன்னும் ஐந்து பேரும் தோள் கொடுத்தார்கள். டிம்ப்னா பின்னால் நடந்தாள்.

தெரு மேட்டில் கோயில். அதற்கு அப்பால் அரை மைலில் கல்லறைத் தோட்டம். கோயில் வாசல் நெருங்கியதும், யாரும் சொல்லாமலேயே சுமப்பவர்களின் நடை தளர்ந்தது. முன்னால் இருந்த இருவரின் கால்கள் இடப்புறம் திரும்பியேவிட்டன. அப்பாவையும் அம்மாவையும் அண்ணன் தம்பிகளையும் சுமந்து பழகிய கால்கள். பெட்டி லேசாக ஆடியது. ஊர்வலம் நின்றது.

இந்த முறை வாசலில் மறிக்க யாரும் இல்லை. கதவு திறந்தே இருந்தது. உள்ளே, டிம்ப்னா சனிக்கிழமை விரித்த வெள்ளைத் துணி பீடத்தின் மேல் தெரிந்தது.

ஃபெலிம் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். எல்லோரும் பார்த்தார்கள். ஒரு தலையசைப்பு போதும், உள்ளே போய்விடலாம். மாலக்கியால் இனி ஒன்றும் சொல்ல முடியாது. ஃபாதரும் வேண்டாமென்று சொல்லப்போவதில்லை. இருபது அடி தூரம். அவள் ஆசைப்பட்டதெல்லாம் அங்கேதான் இருந்தது.

"நேரா போங்க" என்றாள்.

ஃபிலோமினா பின்னாலிருந்து வந்து அவள் கையைத் தன் கைக்குள் கோத்துக்கொண்டாள்.

குழியருகே ஃபெலிம் கொடியை மடித்து டிம்ப்னாவிடம் கொடுத்தான். பெட்டியை இறக்கினார்கள். அவன் சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்தான். இயக்கத்தின் சார்பில் பேச எழுதிவந்தது. காற்று அதைப் படபடக்க வைத்தது. இரண்டு வரி மனதுக்குள் வாசித்துப் பார்த்தவன் அதைத் திரும்பப் பைக்குள் வைத்தான்.

"நான் தைரியமா இருந்தேன்னு நீங்க நெனச்சிருப்பீங்க. இல்ல. ராத்திரியில அழுவேன். மாலக்கி என்னை அழவிடாம பாத்துக்கிட்டான்" என்றான். "அவ்வளவுதான்."

அதன் பிறகு யாரும் அசையவில்லை. வழக்கமாக இந்த இடத்தில் ஒரு குரல் அருள்நிறை மரியே என்று தொடங்கும். பத்து முறை சொல்லி, ஆமென் என்று முடித்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு நகர்வார்கள். ஆமென் இல்லாமல், முடிந்துவிட்டதா இல்லையா என்று ஊருக்குத் தெரியவில்லை. ஆண்கள் தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் கோட்டுப்பைக்குள் செபமாலையைப் பிடித்த கையை வெளியே எடுக்கவில்லை. டிம்ப்னா உதட்டைக் கடித்துக்கொண்டாள். மனதுக்குள் ஓடிய செபத்தை அவள் நிறுத்தவில்லை. அது அவள் வீடு, அங்கே சொல்ல மாலக்கியின் அனுமதி இருந்தது.

ஃபெலிம் குனிந்து மண்வெட்டியை எடுத்தான். எடுத்தவன் அப்படியே நின்றான். முதல் மண்ணை யார் போடுவது என்று ஒருவரும் சொல்லவில்லை.

பின்சுவரோரம் கூட்டம் விலகியது. பழைய பழுப்பு கம்பளிச் சட்டையும் ரப்பர் பூட்ஸுமாக ஃபாதர் கில்லன் வந்தார். கழுத்தில் வெள்ளைப் பட்டை இல்லை, கையில் செபப் புத்தகம் இல்லை. சிலருக்கு அவரை அடையாளம் தெரியவே சற்று நேரமாயிற்று. அவர் யாரையும் பார்க்காமல் நேராகக் குழியருகே வந்து, ஃபெலிமின் எதிரில் நின்று, மண்வெட்டிக்காகக் கையை நீட்டினார்.

ஃபெலிம் கொடுக்கவில்லை. கோர்மக் ஏதோ சொல்ல முன்னால் வந்தார், டிம்ப்னா அவர் கையைத் தொட்டு நிறுத்தினாள்.

"நம்ம ஊர்ல பக்கத்து வீட்டுக்காரங்கதானே குழிய மூடணும்" என்றார் ஃபாதர், தரையைப் பார்த்தபடி. "என் வீடும் இந்தத் தெருவுலதான் இருக்கு."

காற்று ஒருமுறை வீசி அடங்கியது. ஃபெலிம் மண்வெட்டியைத் திருப்பி, பிடியை அவர் பக்கமாக நீட்டினான்.

கிழவருக்குப் பழக்கமில்லை. முதல் வெட்டு மண் பாதி வழியிலேயே சிந்தியது. இரண்டாவது விழுந்தது. ஃபெலிம் இன்னொரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனான். ஒருவர் போட, மற்றவர் குனிய, இருவரும் மண்ணைத் தள்ளினார்கள். மூச்சு வாங்கி ஃபாதர் நிமிரும்போதெல்லாம், அவர் மறுபடி குனியும்வரை ஃபெலிம் தன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு காத்திருந்தான்.