இரண்டரை நூல் துளை

ஒன்றரைச் சுற்றிலேயே மரை வெட்டும் டேப் இறுகிவிட்டது.

ஏசுரத்தினம் கால் சுற்று பின்னால் திருப்பினான். எண்ணெய் விட்டு மறுபடி முன்னால் தள்ளினான். டேப் முறுகுவது உள்ளங்கையில் தெரிந்தது.

சண்டை ஓய்ந்த குவைத்துக்கு மறுபடி ஆள் எடுக்கிறார்கள். திருப்பதியில் ஒரு பட்டறையில் சோதனை. ஆளுக்கு ஓர் இரும்புத் தட்டு, ஒரு டேப். துளை போட்டு மரை வெட்ட வேண்டும். டேப் ஒடிந்தால் வீட்டுக்குப் போகலாம்.

"ஆர்கிட்டயும் சொல்லாத, போய்ட்டு வா" என்றுதான் அவன் மனைவி எப்சிபா சொன்னாள். போதகரிடம் மட்டும் சொன்னான். அவர் ஞாயிற்றுக்கிழமை சபையையே எழுப்பி அவன் பயணத்துக்காக ஜெபிக்க வைத்துவிட்டார். கோயில் வாசலிலேயே இரண்டு பேர் சென்ட் பாட்டில் கேட்டார்கள்.

பக்கத்து வைஸ் பிடியில் ஒரு டேப் டக்கென்றது.

"போச்சுண்ணா" என்றான் அங்கே நின்ற பாகாலாக்காரன். "என் பிளேனு பாகாலா ஜங்ஷனோட நின்னுபோச்சு."



அப்போதுதான் ஏசுரத்தினத்துக்கு உறைத்தது. சித்தூர் பம்பு செட்டு பட்டறையில் பதினோரு வருடம். அங்கே எல்லாம் நூல் கணக்கு, அங்குலத்துக்கு எட்டு நூல். மூன்று நூல் மரைக்கு இரண்டரை நூல் துளை. இங்கே டேப் பத்து எம்.எம். பார்வைக்கு அதே மூன்று நூல் தடிமன். கை தானாக இரண்டரை நூலுக்குச் சரியான எட்டு எம்.எம். டிரில்லை எடுத்துவிட்டது. வேண்டியது எட்டரை.

இன்னொரு சுற்றில் ஒடியும். எட்டரையைக் கேட்டால் வேலை தெரியாதவன் என்று எழுதுவார்கள். பன்னிரண்டு நிமிடம் பாக்கி.

டேப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் திருப்பி வெளியே எடுத்தான். கையைத் தூக்கினான்.

சோதனை எடுக்கும் நாகபூஷணம் வந்தார். "ஏமய்யா?"

"துள சின்னதாப் போட்டுட்டேன் சார். எட்டரை டிரில்லு வேணும்."

"சின்னதுன்னு எவன் சொன்னான்?"

"டேப்புதான் சார் சொல்லிச்சு."

அவர் தாளில் ஏதோ எழுதினார். "வேற தட்டு கெடையாது. டைம் ஓடிக்கினு கீது" என்று டிரில்லை நீட்டினார்.

துளையைப் பெரிதாக்கினான். பழைய வெட்டிலேயே டேப் பிடிக்க வேண்டும். மூச்சை அடக்கித் திருகினான். பிடித்தது. அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால்.

நாகபூஷணம் ஒரு போல்ட்டை விரலால் திருகி இறக்கினார். முதல் மரையில் லேசாக ஆடியது. பிறகு அடிவரை போனது. அவர் அதைக் கழற்றவில்லை.

"பாஸ்போர்ட் எடுத்துக்கினு வந்தியா?"

பையில் கையை விட்டான். எண்ணெய்க் கறை படாமல் இரண்டு விரலால் அதை எடுத்து நீட்டினான்.